கோல்கீப்பரின் இடது கையுறை

என் கணவர் ஈரோட்டுக்காரர். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் துபாயில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் சிரிக்கும். பிறகு, "ஐஸ் மேலயா? இந்த ஊர்லயா?" என்று கேட்கும். மேல்படிப்புக்குக் கனடா போன இடத்தில் அறைத்தோழர்களோடு சேர்ந்து சறுக்கக் கற்றுக்கொண்டவர். கோலில் நிற்க ஆள் கிடைக்காமல் இவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். "நேரா ஓடத் தெரியாதவனுக்கு அங்கதான் எடங் கெடைக்கும்" என்று அவரே சொல்வார். வேலை துபாய்க்கு மாறியபோது பெரிய மூட்டையாகக் கட்டி எடுத்துவந்தது அந்தச் சாமான்களைத்தான். கால்களில் கட்டும் மெத்தைகள், முகக்கூண்டு, மட்டை, இரண்டு கையுறைகள்.

கல்யாணமாகி நான் வந்திறங்கிய அன்றைக்கு என்னை வரவேற்றதும் அவைதான். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம். வருஷக்கணக்கில் வேர்வை குடித்த தோலும் பஞ்சும். "பழகீரும்" என்றார். பழகிவிட்டது.

எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்குக்குத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். தையல் எங்கே விடும், துணி எங்கே இழுக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கண் அதற்கே பழகியிருந்தது. இங்கே தேராவில், மருத்துவமனைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சீருடை விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதனால் அவருடைய வலது கை உறையின் உள்ளங்கைத் தோல் வேர்வையில் மக்கிக் கிழிந்தபோது, நானே தைக்கிறேன் என்று சொல்லத் தயக்கம் வரவில்லை. அதற்கு முன் பர் துபாயில் செருப்புத் தைக்கிற கடைகளில் கேட்டுப் பார்த்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஃபி, பாய்" என்று கையை விரித்துவிட்டார்கள். 

தேராவில் தோல் துண்டு விற்கிற கடை ஒன்றில் மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கினேன். கோணி ஊசி, மெழுகு தடவிய நைலான் நூல், ஊசியைப் பிடித்து இழுக்க ஒரு குறடு. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பழைய தோலை இழை இழையாகப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டித் தைத்தேன். விரல்நுனியெல்லாம் புண்ணாகிவிட்டது. அவர் போட்டுப் பார்த்து, மட்டையைப் பிடித்து, ஹாலில் நின்றபடி இரண்டு சுற்று சுழற்றினார். "கம்பெனிக்காரன் தோத்தான்" என்றார். அதன்பின் அவருடைய உறைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை என்று ஆகிப்போனது. மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அதே மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதுகிற வரைக்கும் அது நடந்தது.

இரண்டு உறைகளும் ஒரே மாதிரி இருக்காது. வலது கை உறையின் புறத்தில் பலகை மாதிரி ஒரு தட்டு. வருவதைத் தட்டி விடுவதற்கு. இடது கை உறை பிடிப்பதற்கு. முறம் அளவுக்கு விரிந்த தோல். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கயிற்றில் பின்னிய பை. ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கறுப்பு ரப்பர் வட்டு, பக் என்பார்கள். அது பைக்குள் வந்து விழுகிற கணத்தில், திறந்த புத்தகத்தை ஒரே கையால் சட்டென்று மூடுவது போல உறையை மூட வேண்டும். மூடாவிட்டால் வெளியே தெறித்துவிடும்.

ஒரு கோடையின் தொடக்கத்தில்தான் அவர் முதல்முறையாகச் சொன்னார்.

"இந்த லெஃப்ட்டு ரொம்ப எறுகிப் போச்சு. மூடவே மாட்டீங்குது."

"பால்கனில காயப்போடாதீங்கன்னு நாஞ் சொன்னனில்லீங்க? அந்த வெயில்ல அப்பளமாட்டப் பொரிஞ்சிருக்கும்" என்றேன்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜூன் மாத பால்கனியில் பிளாஸ்டிக் கிளிப்பே ஒடிந்து விழும், தோல் என்ன ஆகும். அவரும் ஒத்துக்கொண்டார். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் காட்டினோம். தோல் இளகியதும் உள்ளே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, என் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிப் போட்டோம். சமையலறை முழுக்க அந்த நாற்றம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "திஸ் இஸ் டிஸ்கஸ்டிங், அம்மா" என்று ஓடினாள். அன்றைக்கு நாங்கள் நிறையச் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை உள்ளரங்க ஐஸ் தளத்தில் அணியோடு ஆட்டம் முடிந்து வந்தவர் உறையை மேசையில் போட்டார். "இன்னும் எறுக்கமாத்தான் இருக்குது."

கட்டைவிரல் பக்கம் பிரித்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தகட்டை எடுத்துவிட்டு மெல்லிய தகடு வைத்துத் தைத்தேன். அதுவும் போதவில்லை. பிறகு அந்தத் தகட்டையும் எடுத்தேன். அடிப்பக்கம் கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். இவ்வளவுக்குப் பிறகு உறை பழைய துணிப்பை போலத் துவண்டு கிடந்தது. மகள் சும்மா விளையாட்டாக அதற்குள் தன் கையை விட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. விரல்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனாலும் அவள் மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அப்பா, இட்ஸ் ஸோ ஈஸி, லுக்!"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனார்.

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வயசு நாற்பதைத் தாண்டுகிறது, அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி, கை அசந்து போயிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவர் வேறு மாதிரி சொன்னார். இப்போது உறை லூசாக இருக்கிறதாம். கட்டைவிரலின் அடியில் இடைவெளி விழுகிறதாம். இத்தனை பிரித்துத் தைத்தால் தோல் இழுபடத்தான் செய்யும் என்று, அந்த இடத்தில் வைக்க ஸ்பாஞ்சு வெட்டினேன். பத்தவில்லை. இன்னும் ஒரு துண்டு. அளவு சரியாக வரட்டும் என்று அவர் கையையே மேசைமேல் மல்லாத்தி வைக்கச் சொல்லி, ஸ்பாஞ்சை வைத்து அழுத்தினேன்.

கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை அங்கே இல்லை. என் விரல் நேராக எலும்புக்குப் போனது. மறுகையை நீட்டச் சொன்னேன். அதில் சதை இருந்தது. இடது கையைத் திருப்பினேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே குழி. உறை பெரிதாகவில்லை. நான் மாதக்கணக்கில் அவர் கையில் கரைந்துபோனதற்குப் பதிலாக ஸ்பாஞ்சு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியே பிடித்துக்கொண்டிருந்தபோது முன்கைத் தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. சிறு மீன் திரும்புவது போல.

"இது எத்தன நாளா இருக்குதுங்க?"

"அது வரும் போகும்" என்றார். "வலியெல்லாம் இல்ல."

எலும்பு டாக்டர் கழுத்து நரம்பு அழுந்தியிருக்கலாம் என்றார். பிசியோதெரபிக்குப் போனோம். கழுத்துக்கு எடை கட்டி இழுத்தார்கள். கைக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள். கை மேலும் மெலிந்தது. சட்டைப் பொத்தானை ஒரு கையாலேயே போடக் கற்றுக்கொண்டார். கடைசியில் நரம்பு மருத்துவர் ஒருவர் தசைகளில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார். கையில் குத்தினார்கள், சரி. காலிலும் குத்தினார்கள். நாக்கிலும் குத்தினார்கள். நாக்கில் ஏன் குத்துகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, கூட இருந்த நர்ஸ் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மருத்துவர் நல்ல மனிதர். அவசரப்படாமல் சொன்னார். மூளையிலிருந்து தசைகளுக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது, அங்கேயே நிற்காது. ஒரு மாத்திரை உண்டு, கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. என் கணவர் பொறியாளர். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "விளையாடலாமா டாக்டர்?" என்றார். முடிகிற வரைக்கும் விளையாடுங்கள் என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, ஊரில் உதவிக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு முழுவதும் புரிந்தது.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். ஏசியைப் போட்டார். வண்டியை எடுக்கவில்லை.

"கிளவ்ஸ்ல ஒண்ணுமில்ல, பாத்தியா" என்றார். "பாவம், அத நம்ம பிரிச்சு மேஞ்சுட்டம்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் இடத்துக்காக ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அவர் விளையாட்டை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. எங்களுக்குள் சண்டை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட பெரிய சண்டை அதுவாகத்தான் இருக்கும்.

"விழுந்து கைய ஒடச்சுக்கிட்டா என்ன பண்றதுங்க? எனக்குன்னு கொஞ்சம் யோசன பண்ணுங்க."

"ஒடஞ்சா என்ன? இருந்து மட்டும் என்ன பண்ணப் போகுது அது?"

மறுநாள் அவர் ஒரு தாளில் படம் வரைந்து வைத்திருந்தார். உறை தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் கணக்கு. கட்டைவிரல் பக்கத்துக்கும் விரல் பக்கத்துக்கும் நடுவே, புறங்கைப் பக்கமாகத் தடித்த எலாஸ்டிக் கயிறு ஓட வேண்டும். உறை பாதி மூடியே இருக்கும். பக் வந்து விழுகிற வேகத்தில் மீதியும் மூடிக்கொள்ளும். கை நழுவாமலிருக்க மணிக்கட்டிலும் முன்கையிலும் இரண்டு வெல்க்ரோ பட்டைகள்.

மீனா பஜாரில் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வாங்கி வந்து தைத்தேன். தெரிந்தே தைத்தேன். முன்பெல்லாம் ஒரு பழுதைச் சரிசெய்துவிட்டால் அது சரியாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது இந்த மாதம் தைத்தது அடுத்த மாதம் போதாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அளவெடுத்தோம், வாதாடினோம், பிரித்து மறுபடி தைத்தோம். அவர் முகம் தெளிவாக இருந்தது அந்த நாட்களில்தான்.

முதல் சனிக்கிழமை அது வேலை செய்தது. ஐஸ் தளத்தைச் சுற்றிய கண்ணாடிக்குப் பின்னால் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோலின் இடது மேல்மூலைக்கு ஒரு அடி வந்தது. அவர் தோளிலிருந்து கையை வீசினார். உறை கப்பென்று மூடியது. உள்ளே பக். சக ஆட்டக்காரர்கள் மட்டையால் ஐஸைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி உறையை உயர்த்திக் காட்டினார்.

அவருடைய அணியின் கேப்டன் இந்த ஊர்க்கார எமிராத்தி இளைஞர். விமான நிலையத்தில் வேலை. பெரிய உடம்பு, மெல்லிய குரல். என் கணவர் அவரிடம் மட்டும் நோயைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

சில வாரங்கள் கழித்து, பயிற்சியின்போது, என் கணவர் பிடித்துக்கொண்டே இருந்தார். வந்ததையெல்லாம் பிடித்தார். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. இருந்தும் ஏதோ ஒன்று உறுத்தியது. பக் ஐஸோடு ஐஸாக, பூஜையறையில் பூ போடுவது போல வந்துகொண்டிருந்தது. அவர் திடீரென்று முகக்கூண்டைத் தூக்கினார். கேப்டனைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினார். ஏன் மெதுவாக அடிக்கிறீர்கள்?

"இல்லை பாய், வார்ம்-அப்தான்" என்றார் கேப்டன்.

"எத்தனை வாரமாக வார்ம்-அப்?"

மற்றவர்கள் மட்டையை ஊன்றி நின்றுவிட்டார்கள். "அடி" என்றார் என் கணவர். "பழையபடி அடி." கேப்டன் தயங்கினார். என் கணவர் கூண்டை இறக்கிவிட்டுக் குனிந்து நின்றார். "யல்லா, அடி!"

கேப்டன் அடித்தார். இடது தோளுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கை அசையவே இல்லை. உறை இடுப்புக்குப் பக்கத்தில் பாதி மூடியபடி தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னொண்ணு" என்றார். அதுவும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவது நெஞ்சில் பட்டு அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்க இடது கையை ஊன்ற முடியவில்லை. புரண்டு, முழங்காலில் நின்று, மட்டையை ஊன்றி எழுந்தார். தூக்கிவிட வந்தவர்களைத் தலையசைத்து நிறுத்தினார்.

"கலாஸ், போதும்" என்றார். மெதுவாகச் சறுக்கி வெளியே வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து என் முன்னே கையை நீட்டினார். பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெல்க்ரோ கிழிகிற சத்தம் அந்த இடம் முழுக்கக் கேட்டது. கேப்டன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் கணவர் வலது கையால் கேப்டனின் தோளைத் தொட்டு, "தாங்க்யூ" என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வலது கையும் போகத் தொடங்கியது. இடது கை உறையிலிருந்து பட்டைகளை அறுத்தெடுத்து, ஸ்பூனைக் கையோடு கட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று தைத்தேன். வலது கை உறையின் தோலைப் பிரித்து, ஷேவிங் ரேசருக்குப் பிடி செய்தேன். கழுத்து நிற்காமல் சாய ஆரம்பித்தபோது, கால் மெத்தையைக் கிழித்து அதிலிருந்த ஃபோமை எடுத்துப் பட்டை தைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டு" என்பதை இரண்டு மூன்று முறை சொன்னால்தான் எனக்குப் புரியும்.

கம்பெனி மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. கொஞ்ச நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். பிறகு முடித்துக்கொண்டார்கள். வீட்டைக் காலிசெய்துவிட்டு நான் நீண்ட லீவு போட்டு மூவரும் ஈரோடு போனோம். விமானத்தில் அவரைத் தூக்கி உட்கார வைத்த ஊழியர், "என்ன ஆச்சு மேடம், ஆக்சிடெண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

ஈரோட்டில் மழைக்காலத்தில் நெஞ்சுத் தசைகள் தளர்ந்தன. அதற்கு நான் தைத்துக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. மூச்சுவிட உதவ முகத்தில் பொருத்துகிற கருவியை அவர் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். பிறகு வேண்டும் என்றார். அதைப் போட்டுக்கொண்டு சில வாரங்கள் இருந்தார். ஒரு மத்தியானம், மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் போய்விட்டார். வாசலிலேயே அவளை நிறுத்திச் சொன்னேன். அவள் புத்தகப்பையைக் கழற்றாமல் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவருடைய விரல்களை எடுத்து மடக்கிப் பார்த்தாள். மடங்கின. அவள் கையை விட்டதும் மறுபடி பிரிந்துகொண்டன.

நாங்கள் துபாய்க்குத் திரும்பி வந்துவிட்டோம். சம்பாதித்தாக வேண்டும். தேரா அலுவலகம் என் இடத்தை வைத்திருந்தது. பர் துபாயில் ஒரு குடும்பத்தோடு பங்குபோட்டு, ஓர் அறையில் இருக்கிறோம்.

கேப்டன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை கந்தூரா அங்கியில் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வரவழைத்த டீயைத் தொடாமல் வெகுநேரம் இருந்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். "அன்று நான் அவ்வளவு பலமாக அடித்திருக்கக் கூடாது, இல்லையா?"

என் கணவர்தானே அப்படி அடிக்கச் சொன்னார் என்று சொன்னேன்.

"தெரியும். ஆனால் நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அடித்தேன்."

நான் எழுந்து நின்றது எனக்கு நினைவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. டீ ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் சிஸ்டர் என்று எழுந்தார். லிஃப்ட் வரைக்கும் கூடவே போனேன். திரும்பி வந்தபோது மேசையில் நர்ஸ் சீருடை மாதிரிகள் காத்திருந்தன. தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்துக் குறிக்கத் தொடங்கினேன்.